மூன்று அட்டை, பன்னிரண்டு உடம்பு

நாலு இன்ச் குறைந்தது.

தையல்கடையில் பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரி டேப்பை மறுபடி வைத்துப் பார்த்தாள். டேப் பொய் சொல்லவில்லை. மேல்பாகத்தின் இடுப்பு முப்பத்திரண்டு. பாவாடையின் இடுப்பு இருபத்தெட்டு. மணி ஒன்றே கால். மூன்று மணிக்குப் பாட்டுக்குழுத் தலைவி வாசலில் வந்து நிற்பார்.

எல்லாம் காலையில் அவள் திறந்த வாயால் வந்தது.

பாட்டுக்குழுவில் பன்னிரண்டு பேர். மேல்பாகமும் பாவாடையும் இடுப்பில் சேரும் நீள உடை; மேடையில் எல்லோருக்கும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். ஒருத்தி ஈர்க்குச்சி, ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. கச்சேரிக்குப் பத்தே நாள். கட்டிங் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "பன்னெண்டு பேருக்குத் துணி வெட்டப் பன்னெண்டு அளவு அட்டை வரையணும். இருபது நாளாவது ஆகும்."

முதலாளியம்மா துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அப்போதுதான் காஜா மெஷின் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஒரே அட்டை போதும்மா. இருக்கிற மூணு அட்டையச் சேர்த்து நான் ஒண்ணு பண்றேன்."

மாஸ்டர் சிரித்தார். "காஜா போடுற கைக்குக் கத்தரி கேக்குதா?"

கேட்டது. ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த மாதக் கடைசியோடு மாஸ்டர் வேலையை விடுகிறார். அவருடைய வெட்டும் மேஜைக்கு அவரே தன் மச்சினனைச் சிபாரிசு செய்திருந்தார். நாளைக்கு அந்த ஆள் வருவதாகப் பேச்சு.

முதலாளியம்மா துணியை மேஜையில் வைத்தார். "மூணு மணிக்குள்ள ஒண்ணு தச்சுக் காட்டு. சரியா வந்தா மேஜை உனக்கு. வரலேன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது."

மேல்பாகத்துக்கு மாஸ்டரின் அட்டை. அவர் வெட்டும் கழுத்து எந்தத் தோளிலும் நழுவாது, அதை எதிரிகூட ஒப்புக்கொள்வான். பாவாடைக்குத் தையல் புத்தகத்தோடு வந்த அச்சுத்தாள், நான்கு துண்டு. கைக்கு அவளுடைய பழைய உடையிலிருந்து செய்தித்தாளில் வரைந்து எடுத்தது. மூன்றையும் மேஜையில் பரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டித் தைத்தாள்.

இப்போது நாலு இன்ச்.

அளவுப் பொம்மைக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார். அதே கடையில் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின்காரி.

"நான் மூச்ச உள்ள இழுத்துக்கவா அண்ணி? நாலு இன்ச் கொறைஞ்சிடும்."

"எவ்வளவு நேரம் இழுப்பே?"

"கச்சேரி முடியுற வரைக்கும்."

"பாடணும்டி. பாட மூச்சு வேணும். அசையாம நில்லு."

மாஸ்டர் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாவாடை பட்டினி கிடக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேல்பாகத்துல நாலு இன்ச் புடிச்சுத் தச்சுடு. யாரு டேப் வெச்சுப் பாக்கப் போறாங்க?"

"போட்டுக்கிறவங்க பாப்பாங்க மாஸ்டர்."

அவள் அச்சுத்தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் எறும்பு சைஸில் ஒரு வரி. தையலுக்குத் துணி தனியாக விட்டு வெட்டவும்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாஸ்டரின் அட்டையில் தையலுக்கான அரை இன்ச் சேர்ந்தே இருக்கும். அச்சுத்தாளில் கிடையாது. இரண்டையும் ஒரே கணக்கில் கோட்டின் மேலேயே வெட்டியிருக்கிறாள். நான்கு துண்டு, துண்டுக்கு இரண்டு ஓரம், ஓரத்துக்கு அரை இன்ச். சரியாக நாலு.

புதிதாக வெட்ட முழுத்துணி கிடையாது. தலைவி அளந்து கொடுத்துவிட்டுப் போன துணி.

மேஜைக்கடியில் குனிந்தாள். வெட்டி மிஞ்சியதில் கரையோரமாக ஒரே நீளத் துண்டு. அகலம் நாலு விரலுக்கு மேல் இருந்தது. அதில் மூன்று இன்ச்சில் இரண்டு பட்டி எடுத்தாள். தையலுக்குப் போக ஒவ்வொன்றும் இரண்டு இன்ச் நிற்கும்.

"பிரிக்கிற ஊசியக் குடு."

"எதப் பிரிக்கப் போறே?"

"ரெண்டு பக்கமும்."

பக்கவாட்டுத் தையல் இரண்டும் அவிழ்ந்தன. பட்டிகள் உள்ளே போயின. மெஷின் ஓட ஓட அவள் மனதில் ஒரு கோடு விழுந்தது. கால் மிதியில் ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது.

மூன்று மணி. தலைவி முன்னால் நாத்தனார் நடந்தாள், உட்கார்ந்தாள், இரண்டு கையையும் உயரத் தூக்கினாள். எங்கும் இழுக்கவில்லை. தலைவியின் முகம் மலர்ந்தது.

முதலாளியம்மாவின் விரல் பட்டியில் நின்றது. "இது எந்த அட்டையில இருக்கு?"

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார்.

"எந்த அட்டையிலயும் இல்லம்மா. நான் தப்பா வெட்டிட்டேன்." அச்சுத்தாளை நீட்டி, அந்த வரியைக் காட்டினாள். "இத நான் பாக்கல. அதனால நாலு இன்ச் போச்சு. ஒட்டுப் போட்டுச் சரி பண்ணேன்."

அவள் பட்டியின் கோட்டை விரலால் கக்கம் வரை இழுத்துக் காட்டினாள்.

"ஆனா தப்புதான் வழி காட்டுச்சு. பன்னெண்டு பேருக்கும் நாடா வெச்சு இழுத்துக் கட்டிக்கலாம்னுதான் காலையில நெனச்சேன். மூட்டை கட்டின மாதிரி இருந்திருக்கும். இப்ப நாடா வேண்டாம். அட்டை ஒண்ணுதான், ஒல்லியானவங்க அளவுக்கு. பட்டிய மட்டும் கக்கத்துலேர்ந்து கீழ் வரைக்கும் நீட்டிடறேன். ஒல்லியா இருந்தா பட்டியே கிடையாது. மத்தவங்களுக்கு அவங்கவங்க உடம்புக்கு ஏத்த அகலம்."

"எட்டு மாசக்காரிக்கு?" தலைவி விடவில்லை.

"முன்னாடி நடுவுலயும் ஒரு பட்டி. பொறந்தப்புறம் பிரிச்சுட்டா அவங்க பழைய அளவு. உடை வீணாகாது."

முதலாளியம்மா திரும்பினார். "சரியா வருமா மாஸ்டர்?"

மாஸ்டர் பட்டியை உள்பக்கமாகத் திருப்பினார். கட்டைவிரலால் தையலை இழுத்துப் பார்த்தார்.

"வரும்." அந்த ஒரு சொல்லைப் பல்லுக்கிடையிலிருந்து பிடுங்கிப் போட்டார். "கக்கத்துல மட்டும் பட்டியக் கூம்பா முடிக்கணும். இல்லேன்னா கையத் தூக்குனா இழுக்கும்."

"கூம்பா முடிச்சுடறேன் மாஸ்டர்."

"உங்க மச்சினன நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றார் முதலாளியம்மா.

"வரட்டும்மா!" நாத்தனார் இன்னும் அந்த உடையைக் கழற்றவில்லை. "காஜா மெஷின் இனிமே காலிதானே!"

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அச்சுத்தாளின் நெற்றியில் சிவப்புப் பேனாவால் 'அரை இன்ச் விடு' என்று பெரிதாக எழுதினாள். பத்து நாளில் பன்னிரண்டு. ஒரு மணி நேரம்கூட வீணாக்க முடியாது. டேப்பைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு தலைவி முன்னால் போய் நின்றாள்.

"நீங்களும் பாடுவீங்கல்ல? கையத் தூக்குங்க."