மூடினால் எரியும் பல்பு

"மூடியைத் திறந்து வெச்சா பாடுது. மூடினா ஃபியூஸ் போகுது. ஏன்டி?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

என்னிடம் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. சாப்பிட்டியா, கதவைச் சாத்தினியா என்பதோடு எனக்கு வரும் கேள்விகள் முடிந்துவிடும். அதனால் அவளைப் பார்த்தபடியே நின்றேன்.

"உன்னைத்தான் கேக்குறேன். பின்னே சுவரையா கேக்குறேன்?"

முன்னறைத் தரையில் ஆம்ப்ளிஃபையர் கிடந்தது. அக்கா ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு ஈயம் உருக்கி வயர்களைப் பற்றவைக்கும் வேலை மட்டும்தான். எதையும் தானாகச் செய்ய விடமாட்டார்கள். ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சொந்தமாகச் செய்து காட்டி, முன்னறையிலேயே கடை போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பாவுக்கோ அந்த அறையைத் தெருக்கோடித் தையல்காரருக்கு வாடகைக்கு விட வேண்டும். இருவரும் மாறி மாறி முறைத்துக்கொண்டு திரிந்த பிறகு அப்பா ஒரு முடிவு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அவரு வர்றதுக்குள்ள பெட்டியை ஒழுங்கா மூடி, ஒரு பாட்டு முழுசாப் பாட வை. அறை உனக்கு. வயரும் வாலுமா பல்லைக் காட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா, அறை அவருக்கு."

அன்றுதான் ஞாயிறு.

அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையில் என் கையும் உண்டு. அதிலுள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் வளையம் போல இருக்கும், நடுவில் ஓட்டை. செம்புக் கம்பி சுற்றிய கட்டையை ஓட்டைக்குள் விட்டு, மேலே எடுத்து, வெளிப்பக்கமாகச் சுற்றி, மறுபடி ஓட்டைக்குள் விட வேண்டும். ஒரு முறை போய் வந்தால் ஒரு சுற்று. அக்கா கம்பியை இழுத்துப் பிடிக்க, நான் கட்டையை நுழைத்து எண்ணிக்கொண்டே வந்தேன். பேசாத பிள்ளைதான் எண்ணிக்கையை விடாது என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நேரம் போவதே தெரியாமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

"என்னம்மா, உன் பெட்டி வாயைத் திறந்தாத்தான் பாடுமா?" என்று அப்பா உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார். "உன் தங்கச்சிக்கு நேர் எதிரா இருக்கே!"

"கிண்டல் பண்ணுங்கப்பா, பண்ணுங்க."

இனி ஃபியூஸை வீணாக்க முடியாது என்று அக்கா சீரிஸ் பல்பை மாட்டினாள். வீட்டு மின்சாரம் அந்தக் குண்டு பல்பு வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். உள்ளே எல்லாம் சரி என்றால் பல்பு ஒருமுறை மினுக்கி அடங்கிவிடும். எங்காவது ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரியும்.

சுவிட்சைப் போட்டாள். பல்பு மினுக்கி அடங்கியது. மூடியை வைத்தாள். அறையே வெளிச்சமானது.

"ஏதோ வயர் நசுங்குது," என்று ஒவ்வொரு வயருக்கும் டேப் சுற்றினாள். மறுபடி மூடினாள். மறுபடி வெளிச்சம். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூடியை நான் கையில் எடுத்தேன். அதன் பின் விளிம்பைப் பெட்டியில் பொருத்தி, முன்பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கினேன். விரல் நுழையும் இடைவெளி இருக்கும்போதே பல்பு எரிந்தது. தூக்கினேன், அணைந்தது. இறக்கினேன், எரிந்தது. எனக்கு நிறுத்தவே மனம் வரவில்லை.

"போதும்டி. என்ன விளையாட்டு இது?"

சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திருப்பிக் காட்டினேன். உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் சுரண்டி இரும்பு மின்னியது. நேர் கீழே ட்ரான்ஸ்ஃபார்மரின் ஓட்டை வழியாக வந்த நீளமான போல்ட். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியின் அடித்தகட்டோடு பிடித்து வைத்திருப்பது அதுதான்.

"போல்ட் இடிக்குது. இடிச்சா என்ன?" என்றாள் அக்கா. "போல்ட்டும் இரும்பு, பெட்டியும் இரும்பு, மூடியும் இரும்பு. அதுக்கு எந்த வயரோடயும் ஒட்டே கிடையாது. இந்தா, மீட்டரே வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். அவள் சொன்னது உண்மைதான்.

பிளக்கைப் பிடுங்கி, மூடியை வைத்தேன். போல்ட் தொட்ட இடத்தில் மூடியின் மேல் விரலை வைத்து ஓரத்துக்கு நகர்த்தினேன். பக்கச் சுவர் வழியாக இறக்கி, பெட்டிக்கு அடியில் கொண்டுபோய், போல்ட்டின் அடியைத் தொட்டேன். கட்டையை நுழைத்து நுழைத்து விரலுக்குப் பழகியிருந்த வழி.

"ஒண்ணு," என்றேன்.

"என்னது ஒண்ணு?"

"இதுவும் ஒரு சுத்து. ஓட்டை வழியா மேல வந்து, வெளிய சுத்தி, திரும்ப ஓட்டைக்குள்ள."

அக்கா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி! அந்த ஓட்டை வழியா எது சுத்தி வந்தாலும் அதுல கரண்ட் ஓடும்! இது ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்ட சுத்து! மூடினா நாமளே ஷார்ட் பண்ணிவிடுறோம்!"

"என்ன கூச்சல் அங்க?"

"உங்க ஊமைக்கோட்டான் வாயைத் திறந்துட்டாப்பா!"

முதலில் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை வடியவிட்டாள். இரும்புத்தூள் உள்ளே விழாமல் ஈரத்துணியைப் பரப்பினாள். மூடியைத் தொடாத அளவுக்கு, போல்ட்டின் மேல்நுனியை ரம்பத்தால் அறுத்தோம். அறுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. மூடி, திருகாணிகளை முறுக்கி, சீரிஸ் பல்போடு சுவிட்சைப் போட்டோம். பல்பு மினுக்கி அடங்கியது. அப்படியே அடங்கிக் கிடந்தது.

பல்பைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த பழைய பாட்டைத்தான் அக்கா வைத்தாள். அந்தப் பாட்டில் பாடகர் மூச்சு இழுப்பது அன்றுதான் எங்களுக்குக் கேட்டது.

பாதிப் பாட்டில் தையல்காரர் வாசலில் வந்து நின்றார். "என்னங்க, அறையை ஒருதடவை அளந்து..." என்று தொடங்கினார். அப்பா திரும்பாமலே கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். அக்கா பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. சூடு பார்க்கிறாளா, காவல் காக்கிறாளா தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. மூத்தவகிட்ட முதல்லயே வாக்குக் குடுத்துட்டேன். அவ கெடுவுக்குள்ள முடிப்பான்னு நான் நினைக்கல."

தையல்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை. ஜன்னலடியில் வெயில் விழுந்துகொண்டிருந்த மூலையைத்தான் பார்த்தார். மெஷினை அங்கேதான் போட நினைத்திருப்பார். அக்கா, "அண்ணே, உக்காருங்க, தண்ணியாவது குடிச்சிட்டு..." என்றபடி எழுந்தாள். அவர் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.