சேரன் வயலுக்கு ஒரு முழு நாள்

நீடாமங்கலத்தில் இரண்டு அறுவடை மிஷின்களை வாடகைக்கு விடும் இராஜாங்கத்துக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வயல் அளவு, தூரம், மிஷின் வேகம் எல்லாவற்றையும் சமன்பாடாக்கி, எந்த மிஷின் எங்கே போகவேண்டும் என்று அக்கா மகள் கனிமொழி கம்ப்யூட்டரில் கணக்கிட ஆரம்பித்ததிலிருந்து அவள் மேலும் சந்தேகம்தான்.

இன்று ஒரு மிஷினுக்கு நாள் முழுக்க சேரன் வயல் என்று வந்திருந்தது. சேரன் அவளோடு காலேஜில் படித்தவன். இராஜாங்கம் பைக்கில் பின்னாலேயே போய் வரப்பில் நின்றார். இரண்டே மணி நேரத்தில் அறுப்பு முடிந்து, டிரைவர் மிஷின் நிழலில் படுத்துவிட்டான்.

"யாருக்காகடி இந்தக் கணக்கு?" என்று ஆபீசில் வந்து கத்தினார்.

கனிமொழி அசரவில்லை. அவர் கையெழுத்திலிருந்த சீட்டை நீட்டினாள். "ஆறு ஏக்கர்னு நீங்கதானே மாமா எழுதிக் குடுத்தீங்க?"

சேரன் போனில் சொன்னது ஆறு மா. மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். இராஜாங்கம் சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரை முறைத்தார்.

"நான் எழுதினா, இது அப்படியே நம்பிடுமா?"

"நம்பிடும் மாமா."

"யார் எதைச் சொன்னாலும் நம்புற ஒண்ணை, நான் எப்படிம்மா நம்புறது?"