கடைசியாகச் சாப்பிட்டது

அனுஷியாவின் நீலக் கொப்பியைப் பற்றி அவளுடைய மாமி பாலேஸ்வரிக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. வெள்ளவத்தைக் கோயிலில் திருவிழா நாட்களில் முதலுதவி மேசை போட்டு உட்காரும் மருமகள், விரலில் கீறல் என்று வந்தவரிடமும் பெயர், வயது, நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, என்ன மருந்து எடுக்கிறீர்கள், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதாமல் விடமாட்டாள். "பஞ்சு வைக்க முதல் பாஸ்போட் விண்ணப்பம் நிரப்புறாள்" என்பது மாமியின் பகிடி. கிருலப்பனைச் சொந்தக்காரருக்கெல்லாம் அது மனப்பாடம்.

கந்தசஷ்டி விரதத்தின் கடைசி நாளான சூரன்போர் அன்று பின்னேரம் அந்த மேசைக்கு வந்த மூன்றாவது ஆள் மாமியின் புருஷன் நாகேந்திரமேதான். வேட்டி நனைய வியர்த்து, இரண்டு பேர் தாங்க வந்து சேர்ந்தார்.

"ஆறு நாளும் பாலும் பழமும்தான், பிள்ளை. இண்டைக்கு அதுவுமில்லை. சீனித்தண்ணி குடு, எழும்பீடுவார்" என்றாள் பாலேஸ்வரி. குரலில் பயம் பாதி, பெருமை பாதி.

அடுத்த நிமிடம் கூட்டம் முழுக்க வைத்தியராகிவிட்டது. ஒருவர் இளநீரோடு வந்தார், ஒருவர் வெங்காயத்தை முகரக் கொடுக்கச் சொன்னார். அனுஷியா ஒருவரையும் அண்ட விடவில்லை. மாமாவைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தாள். பசி மயக்கத்துக்கு உதடு வீங்காது. கழுத்து தடிப்புத் தடிப்பாகச் சிவக்காது. மூச்சு இப்படிக் கீச்சிடாது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தாள்.

"மாமா, கடைசியா என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

அந்த முகத்தில் இருந்த கள்ளம் சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். அனுஷியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்த முதல் கிழமை அவள் உப்பை மறந்து வைத்த ரசத்தை, முகம் சுளிக்காமல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்த மனிதர். அவர் இப்போது வெட்கத்துக்குப் பயந்து உயிரை விடப் பார்க்கிறாரே!

"மாமி, ஓடிப்போய் ஐயரிட்ட திருநீறு வாங்கிக்கொண்டு வாங்கோ."

மாமி அந்தப் பக்கம் போனதும் பேனாவை அவருடைய விரல்களுக்குள் செருகினாள். "சொல்ல வேண்டாம், மாமா. எழுதுங்கோ. கெதியா."

அவர் எழுதினார்: இறால் வடை இரண்டு. மரீன் டிரைவ் கடை. நாலரை மணி. போன மாசமும் தின்ன உடம்பெல்லாம் கடிச்சுத் தடிச்சது.

ஆம்புலன்ஸில் வந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "மொனவத கேவே?" என்ன சாப்பிட்டார் என்று அவர் கேட்ட நேரம், திருநீறும் கையுமாகப் பாலேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். சிங்களம்தானே என்ற தைரியத்தில் அனுஷியா குரலைத் தாழ்த்தி, "இஸ்ஸோ வடே தெகக்" என்று வடைக் கணக்கைச் சொன்னாள்.

நாற்பது வருடம் வெள்ளவத்தையில் இருப்பவளுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பாலேஸ்வரியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அதற்குள் மாமாவின் தொடையில் ஊசி ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் விளக்குப் போடும் நேரம் நாகேந்திரத்தின் மூச்சு சீராகியிருந்தது. பசி மயக்கம் என்று பேசாமல் இருந்திருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். பாலேஸ்வரி கட்டிலடிக்குப் போக, நாகேந்திரம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் அவருடைய நெற்றியில் திருநீற்றைப் பூசினாள்.

"முருகன் பாத்திடுவார் எண்டு பயப்பிடேல்லை. நான் பாத்திடுவன் எண்டு பயந்திருக்கிறியள். இஞ்சாருங்கோ, அவ்வளவு பொல்லாதவளோ நான்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவர் கண்ணைத் திறக்காமலே அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வாங்குப் பலகையில் மருமகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் கொப்பியை எடு."

தாளைக் கிழிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அனுஷியா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கிழிக்கேல்லையடி. புதுப்பக்கத்தில எழுது. பாலேஸ்வரி நாகேந்திரம். வயசு அறுபத்தெட்டு."

"மாமி?"

"பிரஷர் குளிசை ஆறு நாளா போடேல்லை. விரதத்தில என்னத்துக்குக் குளிசை எண்டு விட்டிட்டன். விடியத் துவங்கித் தலை இடிக்குது. இப்ப கண்ணும் மங்கலாக் கிடக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குச் சொல்லிப்போடாதை. பயந்துபோவார்."

அனுஷியா எழுதினாள். பெயர், வயது, குளிசை, தலையிடி, நேரம். கடைசிக் கேள்வியில் பேனா நின்றது.

"கடைசியா என்ன சாப்பிட்டனீங்கள், மாமி?"

"ஒண்டுமில்லை, பிள்ளை. என்னாணை ஒண்டுமில்லை."

அதையும் எழுதிக்கொண்டு, கொப்பியை மூடாமலே, மாமியின் கையைப் பிடித்து நேர்ஸிடம் கூட்டிக்கொண்டு போனாள்.