சரிவில் நிறுத்தும் மரபு

"பீஜப்பூர் வந்தது, மராட்டியர் வந்தனர், முகலாயர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயரும் வந்தனர். எல்லோரும் போய்விட்டனர். காலவெள்ளத்தில் அசையாமல் செஞ்சி மண்ணில் நிலைத்து நிற்பவை இரண்டு. ஒன்று ராஜகிரிக் கோட்டை. மற்றொன்று பெல்மா ஜிப்பி."

செஞ்சி வட்டார ஜிப்பி உரிமையாளர் சங்கத்தின் வரவேற்புரை இப்படித் தொடங்கியது. எழுதியவர் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கோதண்டராமன். அவர் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. நிற்பதில் ஜிப்பியை மிஞ்சிய கார் கிடையாது. கிளம்புவதில்தான் சிக்கல்.

சாவியைத் திருப்பினால் பல நாள் ஜிப்பி சத்தமே போடாது. எப்போதாவது ஒரு நாள் கிளம்பிவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சரிவில் நிறுத்தி, உருளவிட்டு, செகண்ட் கியரில் விட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஓடும். இதைக் கண்டுபிடித்தவர் சங்கத் தலைவர் சீதளநாதன் நைனார். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் வாங்கி விற்கும் மண்டி வைத்திருப்பவர். அப்பா காலத்து ஜீப்பில் ஓட்டப் பழகியவர். கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு காலையும் ஓரமாக இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். அந்த ஜீப் அப்படித்தான் கிளம்பியது. ஜிப்பிக்கு என்னவோ அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை.

திண்டிவனத்து மெக்கானிக்கிடம் எடுத்துப் போனால் அவன் ஏறி உட்கார்ந்ததும் கிளம்பிவிடும். "வண்டில ஒன்னும் இல்லையே சார்" என்பான். டாக்டரைக் கண்டதும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுப் போகிற மாதிரிதான் இது என்று சீதளநாதன் முடிவு கட்டினார். பிறகு மெக்கானிக்கிடம் போவதை நிறுத்திவிட்டு, மண்டி வாசலில் சிமெண்டில் ஒரு சரிவு போட்டார். வீட்டு வாசலில் இன்னொன்று.

கோதண்டராமன் எழுதிய பெல்மா வரலாறும் வரவேற்புரையிலேயே இருந்தது. மேற்கே எங்கோ மண்ணெண்ணெய் அடுப்பு செய்துகொண்டிருந்த குடும்பம் அது. அடுப்பு விற்பனை அவிந்ததும் தண்ணீர் மோட்டார் செய்தது. அதுவும் போதாமல், ஸ்கூட்டரில் மூன்று பேராகத் தொங்கும் குடும்பங்களைப் பார்த்து மனம் இரங்கி ஒரு கார் செய்தது. விலை குறைவு, எடை குறைவு, கதவை மெதுவாகச் சாத்தினால்தான் கதவு கையோடு வராது. நிறுவனத்தை வெளிநாட்டுக்காரன் ஒருவன் வாங்கினான், அவனிடமிருந்து இன்னொருவன் வாங்கினான். ஜிப்பி உற்பத்தி நின்றது. இப்போது உண்மையான முதலாளி யார் என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. இந்தக் கடைசிப் பகுதியைக் கோதண்டராமன் 'உலகமெங்கும் கிளை பரப்பிய ஆலமரம்' என்று எழுதியிருந்தார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கிளம்பிவிட்டால் ஜிப்பியில் போவது சந்தோஷம். மேல்மலையனூர் சாலையின் வளைவுகளில் அது சிரித்துக்கொண்டே திரும்பும். பெரிய வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து அலுக்கும் சந்தில் பல்லி மாதிரி நுழைந்து போகும். மண்டியில் கடுகடுவென்று இருக்கும் சீதளநாதன் அதில் ஏறினால் விசிலடிப்பார். அதைப் பார்த்துத்தான் ஊரில் ஏழெட்டுப் பேர் பழைய ஜிப்பிகளைத் தேடி வாங்கினார்கள். வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்: ஸ்டார்ட்டரை நம்பாதே, சரிவை நம்பு.

அதனால் அவர்கள் வாழ்க்கையே கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சங்கத்தின் பண்பாட்டுச் சுற்றுலாக்கள் சிற்பத்தைப் பார்த்து முடிவாகவில்லை. பனமலை ஏரிக்கரையில் நல்ல சரிவு, அதனால் மூன்று முறை போனார்கள். சீயமங்கலம் குடைவரை அருமைதான், ஆனால் சரிவு சுமார் என்று ஒரே முறையோடு விட்டுவிட்டார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்கள். போலீஸ் எல்லா வண்டியையும் சமமான வெட்டவெளியில் நிறுத்தச் சொல்கிறது.

இந்த நிலையில்தான் பெல்மா கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஜிப்பியை மின்சார வண்டியாக மறுபடி கொண்டுவரப் போகிறார்களாம். பழைய உரிமையாளர்களின் கருத்தை வைத்து ஒரு விளம்பரப் படம். செஞ்சியில் எல்லா ஜிப்பிகளும் ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கும் போட்டோவை யாரோ போட, அது சென்னை வரைக்கும் போயிருந்தது.

"இவ்ளோ ஒழுங்கா நிறுத்தறீங்களே, ஏதாவது மரபா சார்?" என்று போனில் கேட்டான் பிரசாந்த் என்கிற அதிகாரி.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கோதண்டராமன் குனிந்தார். "பகைவர் வந்தால் நொடியில் புறப்பட வேண்டும் என்று கோட்டைக் குதிரைகளை வாசல் பார்த்துக் கட்டுவார்கள், தம்பி. அதன் தொடர்ச்சி." அந்த வழக்கம் அந்த நிமிடம்தான் பிறந்தது.

"சூப்பர் சார்" என்றான் பிரசாந்த். "தலைவர் வண்டியத்தான் மெயினா எடுக்கறோம். சாவியத் திருப்பறாரு, ஒரே திருப்பு, கிளம்புது, கோட்டைய நோக்கிப் போவுது. அவ்ளோதான் படம்."

அன்றிலிருந்து சீதளநாதனுக்குத் தூக்கம் போனது. இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்த வார்த்தை அது: ஜிப்பி கைவிடாது. அந்த வார்த்தையை நம்பித்தான் மண்டிக்கு நெல் கொண்டுவரும் ராஜாங்கம்கூட ஒரு பச்சை ஜிப்பி வாங்கினார். படப்பிடிப்பில் வண்டி கிளம்பாவிட்டால், பெரிய வண்டிக்காரர்கள் மண்டி வாசலில் நின்று சிரிப்பார்கள்.

படப்பிடிப்பு நாளன்று, சரிவான இடம் வேண்டாம், கேமராவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பிரசாந்த் போனிலேயே இடத்தை மாற்றினான். ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்து மைதானம். பின்னால் ராஜகிரி எழுந்து நிற்கும். மைதானம் தோசைக்கல் மாதிரி இருந்தது. மற்ற வண்டிகளைச் சாலையோரச் சரிவில் நிறுத்திவிட்டார்கள். தலைவரின் சிவப்பு ஜிப்பி மட்டும் தனியாக நடுவில்.

சீதளநாதன் வழி கண்டுபிடித்திருந்தார். வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த எஞ்சினை அணைக்கவே இல்லை. கண்ணாடியில் ஒரு மணிமாலை தொங்கியது. எஞ்சின் ஓடும்வரை, வண்டி நின்றுகொண்டிருந்தாலும் மணிகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். கோதண்டராமன் ஏற்பாடு செய்த மேளக்காரர்கள் பக்கத்திலேயே வாசித்துப் பழகிக்கொண்டிருந்ததால் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அவர் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார், மறுபடி மாலையைப் பார்ப்பார். இறங்கி நாலடி நடப்பார், ஓடி வந்து ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிப்பார்.

பிரசாந்த் வரவில்லை. டிரோன்காரர் வந்தார், பேட்டரி வரவில்லை.

"இன்னா நைனாரே, வயித்துக் கடுப்பா? குந்த மாட்டேன்றியே" என்றார் ராஜாங்கம்.

"சும்மா இருய்யா. கேமராவுல நீ இன்னா சொல்லப் போற?"

"உள்ளதச் சொல்றேன். ஏறுனா ஜாலி. எறங்குனா தலவலி."

"அத மட்டும் சொல்லாத. முத பாதியோட நிறுத்திக்க."

"அப்போ புது வண்டியும் பாதிதான் குடுப்பாங்களா?"

பிரசாந்த் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒவ்வொருவராகக் கேமரா முன் நின்றார்கள். ஜிப்பி குடும்பத்தில் ஒருவர், ஜிப்பி உயிர், ஜிப்பி தெய்வம் என்றார்கள். ராஜாங்கம் மட்டும் வெகுநேரம் யோசித்து, "ஒடம்புக்கு நல்லது. காலும் கையும் வலுவாவும்" என்றார். தள்ளுவதைத்தான் சொல்கிறார் என்று சங்கத்துக்குப் புரிந்தது. உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு பிரசாந்த் தலையாட்டினான்.

அப்போது சீதளநாதனின் மனைவி நீலாஞ்சனா டிபன் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சமணக் குடும்பம்; பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

"சூரியன் எறங்குதுங்க. ரெண்டு வாய் சாப்புட்டு வந்துடுங்க."

"வண்டிய விட்டுட்டு வர முடியாது நீலா. எஞ்சின் நின்னுடும்."

"நான் குந்திக்கறேன். ஆக்சிலேட்டர்ல கால் வச்சிருந்தா போதுந்தானே?"

அவர் தயங்கினார். போன வருஷம் மகளுக்குத் துணையாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போன நீலாஞ்சனா தானும் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஆனால் ஜிப்பியை அவர் தொட விட்டதில்லை. அது ஸ்கூலில் சொல்லித் தருகிற வித்தை இல்லை என்பார். இப்போது பசி ஜெயித்தது. அவளை உட்கார வைத்துவிட்டு, மண்டபத்துப் படியில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார்.

இரண்டாவது வாய்க்குள் பிரசாந்த் ஜிப்பியை நெருங்கிவிட்டான். உள்ளே ஒரு சின்ன கேமராவை ஒட்டினான். நீலாஞ்சனாவைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"மேடமே ஓட்டட்டும். இன்னும் நல்லா இருக்கும்." அப்புறம், மிகுந்த மரியாதையோடு கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். "ஸ்டார்ட் பண்றதுல இருந்து எடுக்கணும் மேடம்."

மணிமாலை நின்றது.

சீதளநாதன் இட்லியோடு ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சங்கத்துக்கு விஷயம் புரிந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரை சமமாகவே இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணலாமா சார்?" என்றான் பிரசாந்த்.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கத்தான் ஊருக்கு ஒரு தமிழாசிரியர் வேண்டும். "தம்பி, இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது" என்றார் கோதண்டராமன். "நல்ல காரியத்துக்குப் புறப்படும் வண்டியை முதலில் மனிதர் கைதான் நகர்த்த வேண்டும். தேரை இழுப்பது மாதிரி. மேளம் முழங்க."

பிரசாந்துக்குக் கண் கலங்கியது. "இத எடுத்தே ஆவணும் சார்."

சீதளநாதன் ஜன்னல் வழியாகக் குனிந்தார். "நீலா, நல்லாக் கேளு. செகண்ட் கியர் போடு. கிளட்ச்ச முழுசா மிதிச்சிக்க. சாவிய பாதி திருப்பு. தள்ளும்போது நான் சொல்றப்ப கிளட்ச்ச விடு."

"கிளட்ச்ச மிதிச்சிக்கினே ஒரு தடவ சாவிய முழுசாத் திருப்பிப் பாக்கட்டுமா?"

"தொடாத. இருபது வருஷமா ஓட்டறேன் நான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். ராஜாங்கமும் மற்றவர்களும் தோள் கொடுத்தார்கள். மேளக்காரர்கள் இவ்வளவு நேரம் காத்திருந்த கோபத்தையெல்லாம் தவிலில் காட்டினார்கள். பிரசாந்த் கையை அசைத்தான்.

அவர்கள் தள்ளினார்கள். ஜிப்பி உருண்டது. சீதளநாதன் "விடு நீலா, விடு" என்று கத்தினார். தவிலில் எதுவும் கேட்கவில்லை. மைதானத்தின் பாதிவரை தள்ளினார்கள். ராஜாங்கம் மூச்சிரைத்து, "நைனாரே, இது மலையனூர் வரிக்கும் போவுமா?" என்றார். அதற்குமேல் முடியாது என்று எல்லோரும் கை தளர்ந்தபோது ஜிப்பி தானே அவர்கள் கைகளிலிருந்து நழுவி, அழகாக ஒரு வட்டமடித்து, கோட்டையை நோக்கி விரைந்தது. சீதளநாதன் முழங்காலில் விழுந்தார். எழுந்தவர் அழுதுவிட்டார். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போயிருந்தது. மீதி இட்லி படியிலேயே இருந்தது.

"பாத்தியா" என்றார், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த மனைவியிடம். "ஜிப்பி கைவிடாது."

மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது நீலாஞ்சனா சொன்னாள்: "நீங்க தள்றதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சுங்க. கிளட்ச்ச மிதிச்சி சாவியத் திருப்பினேன், உடனே புடிச்சிக்கிச்சு. எஞ்சின் ஓடுதுன்னு கத்துனேன், மேளத்துல உங்களுக்குக் கேக்கல. கிளட்ச்ச விட்டா நீங்கள்லாம் குப்புற விழுவீங்களேன்னு மிதிச்சிக்கினே இருந்தேன்."

"தள்ளுனதாலதான் கிளம்பிச்சு."

"ஸ்கூல்ல முதல் நாளே அதத்தான் சொல்லித் தந்தாங்க. கிளட்ச்ச மிதிக்காம சில வண்டி ஸ்டார்ட்டே ஆவாதாம்."

"அது வேற வண்டி" என்று சொல்லிவிட்டு அவர் மண்டிக்குக் கிளம்பினார். வீட்டுச் சரிவில் உருட்டித்தான் கிளப்பினார்.

படம் வந்தது. சங்கம் மண்டியில் கூடியது. மூட்டைகள்மேல் உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்தார்கள். கம்பீரமான குரல் ஒன்று குதிரைகளையும் மரபையும் பற்றிப் பேசியது. சரிவில் வரிசையாக நின்ற ஜிப்பிகள் கோட்டைப் படை மாதிரி இருந்தன. கோதண்டராமன் பெருமையில் தொண்டையைச் செருமினார். பெரிய வண்டிக்காரர்கள்கூட வாசலில் நின்று பார்த்தார்கள்.

கடைசிக் காட்சியை, உள்ளே ஒட்டிய கேமராவில் எடுத்திருந்தார்கள். முன்னால் நீலாஞ்சனாவின் முகம், அவளுக்கு மேலே மணிமாலை, பின்கண்ணாடிக்கு வெளியே, இன்னும் வண்டியில் கை வைக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் சீதளநாதன்.

மணிமாலை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது.