மஞ்சள் மூளை

பச்சை ஆட்டுமூளை எப்படி இருக்கும் என்று ஸ்யாமளாவுக்குத் தெரியாது. அதில் என்ன அதிசயம்? அர்ச்சகர் வீட்டில் பிறந்தவள். அவளுடைய பேராசிரியர் சொக்கநாதன் வெங்காயம்கூடத் தொடாத சைவர். இந்த இரண்டு பேரும்தான் எண்பத்து நான்கில் மதுரையில் உட்கார்ந்து மூளையை ஆராய்ந்தார்கள். சொன்னால் யார் நம்புவார்கள்!

மூளையில் ஒரு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சேதி கடத்தும் ரசாயனம் செல்லின் நுனியில் குட்டிக் குட்டிப் பைகளில் கட்டிக் கிடக்கும். புரோட்டீன் கைனேஸ் என்ற நொதி, பைகளைப் பிடித்திருக்கும் புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் பிடி தளரும், சேதி அக்கரைக்குப் போகும். கைனேஸ் சூடு தாங்காது. அறுத்த கையோடு மூளையை ஐஸில் போட்டு லேபுக்கு ஓடிவர வேண்டும்.

அதற்காக ஞாயிறுதோறும் காலையில் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, சிம்மக்கல் சோணைமுத்து கறிக்கடையின் பின்வாசலில் போய் நின்று, "மூளை ஒண்ணு" என்று கிசுகிசுப்பாள். அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய், இலையில் கட்டி வந்து ஐஸ் பெட்டிக்குள் வைப்பார். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். கல்லூரியில் ஃபார்மலின் ஜாடியில் பார்த்ததும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

புரதத்தில் ஒட்டிய கதிரியக்க பாஸ்பேட்டை எண்ணும் கருவி முதல் மூன்று வாரமும் காட்டியது சுத்த சைபர். அதற்கென்று பம்பாயிலிருந்து வரவழைத்த கதிரியக்க பாஸ்பரஸ் நாளுக்கு நாள் வீரியம் குறைந்துகொண்டே வந்தது. மாதக் கடைசியோடு உதவித்தொகையும் முடிகிறது. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. அதுவும் போனால் பட்டம் கிடையாது, பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜி கிண்ட வேண்டியதுதான். பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

லீவு முடிந்து வந்த லேப் உதவியாளர் அழகுமலை, ஐஸ் பெட்டியைக் கழுவப் போனவர், உள்ளே மிச்சமிருந்த மூளையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மஞ்ச உப்புப் போட்டு அவிச்சுல்ல கொண்டாந்திருக்கீக? மெளகு போட்டா அப்படியே சாப்புடலாமே!"

சொக்கநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பாவம், வேறென்ன செய்வார்.

கடைசி ஞாயிறன்று ஸ்யாமளா பின்வாசலில் நிற்காமல் உள்ளேயே நுழைந்துவிட்டாள். அடுப்பில் மஞ்சள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, வேக வெக்காதீங்கோ," என்றாள் மெதுவாக.

"சும்மா இருங்க தாயி. பச்சையாக் கொண்டு போனா வாடையே வீட்டுல காட்டிக் குடுத்துரும். நான் எதுக்கு இருக்கேன்? வெளிய தெரியாமப் பாத்துக்கிறேன்," என்று சோணைமுத்து மூளையைக் கொதிதண்ணீருக்கு மேலே கொண்டுபோனார்.

மூன்று வருஷ உழைப்பு அந்தக் கையில் இருந்தது.

"எனக்குப் பச்சையாத்தான் வேணும்!" என்று அலறினாள்.

முன்னால் கறி வெட்டும் சத்தம் நின்றது. வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் கருவியில் எண்கள் ஏறின. நாலாயிரத்து இருநூறு! சொக்கநாதன் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று, எண்கள் அச்சான தாளோடு ஸ்யாமளா வீட்டுக்கு ஓடினாள்.

சேதி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கூடத்தில் விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்த அம்மா விஜயம் நிமிர்ந்து பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தின்னதுதான் தின்னே, அவிச்சாவது தின்னிருக்கப்படாதாடி?"