அண்ணன் சொல்லாத வரி

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளை எல்லோருக்கும் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று எங்கள் சபைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். பெரிய பெரிய தலைகளெல்லாம் காலங்காலமாக மோதிக்கொண்ட விஷயம். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எண் போட்டு எழுத ஆரம்பித்தேன். கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிற ஒருவர். (இதை விளக்கப்போய் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. விளக்கத்தை அடித்துவிட்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.) குமாரன் மனிதனாகப் பிறந்தார், நமக்காகப் பாடுபட்டு மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், பாதாளம்வரை இறங்கி—

அந்த இடத்தில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டது.

2

மெக்கானிக் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் சபைக்காரர்தான், எனக்கு முன்வரிசையில் நிற்பவர். முதுகு நன்றாகப் பழக்கம். முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, எட்டிப் பார்த்த என்னிடம் என்ன எழுதுகிறேன் என்று விசாரித்தார். விட்ட இடத்தைச் சொன்னேன்.

"இறங்குறதும் ஏறுறதுமா? நம்ம வேலைதான்" என்றார்.

அடுத்து வருவதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் இட்டுக்கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே கலந்துவிட்டது.

3

முதல் தொடக்கம்: விசுவாசத்தை இழந்த ஒரு மனிதன், கொட்டும் மழையில்—

இல்லை. அவர் எதையும் இழக்கவில்லை. மழையும் பெய்யவில்லை.

இரண்டாவது தொடக்கம்: மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். கிரீஸ் படாத சட்டை போட்டுக்கொண்டு தங்கை பக்கத்தில் நின்று, சபையே சேர்ந்து வரி வரியாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை அடுத்த தெருவுக்கும் கேட்கிற குரலில் சொல்வார். படைத்தவர் ஒருவர் உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எதுவும் தானாக மேலே போகாது என்பது தொழிலில் கண்டது. இரட்சிப்பு நாம் உழைத்துச் சம்பாதிப்பதல்ல, சும்மா கிடைப்பது என்பதும் பிடிக்கும். லிஃப்டில் ஏறுகிறவன் தன் கால் பலத்திலா மாடிக்குப் போகிறான் என்பார்.*

ஆனால் கடைசியில், மரித்தவர்களின் உடல் மறுபடி எழும் என்கிற வரி வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அடுத்து வரும் நித்திய வாழ்வில் மறுபடி சேர்ந்துகொள்வார். இயேசு எழுந்ததைத் தடையில்லாமல் சொல்வார். அவர் கடவுள், அவரால் முடியும். நம்முடைய ஆட்களும் எழுவார்கள் என்பதில்தான் நின்றுவிடுவார். மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து அப்படி.

* போதகர் இதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

4

தங்கைக்கு வெகுநாள் கழித்துக் குழந்தை பிறந்தது. அவளையே அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஆக, வீட்டில் இப்போது இரண்டு பாப்பா. அண்ணன்தான் ஞானத்தகப்பன் என்று முன்பே முடிவாகியிருந்தது. சிக்கல் என்னவென்றால், ஞானஸ்நானத்தில் பிரமாணத்தைச் சபை சேர்ந்து சொல்லாது. போதகர் ஒவ்வொன்றாகக் கேட்பார், ஞானத்தகப்பன் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு விழுங்கிய வரியை அங்கே விழுங்க முடியாது. பொய்யும் வராது. தன் கையால் இழுத்துப் பார்க்காத கயிற்றை நல்ல கயிறு என்று சொன்ன மனிதரில்லை.

வேறு ஆளைப் பார்க்கச் சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டே குழந்தையை அவர் மடியில் போட்டாள். சுற்றி வளைக்கத் தெரியாதவர், நேராகவே சொல்லிவிட்டார்.

"உன் அண்ணியக் குழியில இறக்கினப்ப கயிறு என் கையிலதான் இருந்துச்சு. அந்தக் கனம் இன்னும் போகல. அவ எழுந்து வருவான்னு என் வாயால எப்படிச் சொல்றது, பாப்பா?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "நீ அந்த இடத்துல நிறுத்துறது எனக்குத் தெரியும்ணா. அதனாலதான் நான் அதை மட்டும் உனக்கும் சேர்த்துச் சத்தமா சொல்றேன்."

அந்த வரியில் அவள் குரல் ஏறுவதை அவரும் கவனித்திருக்கிறார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருந்தார்.

[இங்கேயே முடித்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "தங்கச்சிகிட்ட ஒரு குறையும் இல்லையாக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி.]

5

மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு தங்கை சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு வாயில வராது. பாவமன்னிப்பு. அண்ணி படுத்துக் கிடந்தப்ப நான் வந்து பார்க்கவே இல்ல. பயம், வேற ஒண்ணுமில்ல. நீயும் ஒரு வார்த்தை கேட்கல. அந்த வரிய நீ சொல்வே, நான் கேட்டுக்கிட்டு நிப்பேன்."

அவர் குழந்தையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டார். "அதை நான் அன்னைக்கே விட்டுட்டேனே."

"சொன்னாத்தானேண்ணா தெரியும்."

அழுதாள். குழந்தை அவர் கால்சட்டையை நனைத்தது. அழுகையோடேயே சிரித்துவிட்டாள். வேறு ஆளைப் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது. அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்பது மட்டும் இருவருக்கும் தெரியவில்லை.

(ஒருவர் ஓட்டையை மற்றவர் அடைப்பது கொஞ்சம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கட்டுரையில் 'சபை' என்கிற எண்ணுக்குக் கீழே எழுத ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது இருக்கிறது. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.)

6

ஞானஸ்நானத்தன்று குழந்தை அவர் கையில். போதகர் கேட்கக் கேட்க, படைப்புக்கும், சிலுவைக்கும், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததற்கும், பரலோகம் ஏறியவர் நியாயந்தீர்க்க வருவதற்கும், ஆவியானவருக்கும், சபைக்கும் கணீரென்று பதில் சொன்னார். பாவமன்னிப்பு வந்தபோது தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவள் உதடும் அசைந்தது. அடுத்தது அந்தக் கேள்வி.

முடிவு அ: "விசுவாசிக்கிறேன்" என்று முழங்குகிறார். தெருவில் கொடுக்கிற துண்டுப்பிரசுரம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: குழந்தையைத் தங்கையிடம் நீட்டிவிட்டு வெளியே நடக்கிறார். இலக்கியப் பத்திரிகைகள் கேட்டு வாங்கிப் போடும். ஆனால் இந்த மனிதர் குழந்தையை விடமாட்டார்.

முடிவு இ: சரியாக அந்த நேரம் பார்த்துக் குழந்தை தும்ம, எல்லோரும்—

சே.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், பின்வரிசையில்தான் நின்றேன். ஆனால் எனக்கும் வாயில் வராத ஒரு வரி உண்டு. எந்தக் கதையிலும் கடைசி வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

போதகர் கேட்டாகிவிட்டது. கயிறு பிடித்த அதே கைகளில் குழந்தை கனக்கிறது. கேள்வி தங்கைக்கு இல்லை, அதனால் அவள் சொல்லக்கூடாது. அவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்துவிட்டார். நீங்கள் எந்த மதம், இதையெல்லாம் நம்புகிறவரா என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், அவர் பக்கத்தில் நிற்கிறீர்கள். அந்த வரியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.