சோலாருக்கு எதிரே ஒரு ஜெனரேட்டர்

ஊரில் அவரை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிக் காரணம் அவருடைய குரல். மீதி, அவர் வாடகைக்கு விட்ட டீசல் ஜெனரேட்டர். கரண்ட் போகாத நாளே கிடையாது என்பதால் பிழைப்பு ஜோராக ஓடியது. விளக்கு அணைந்ததும் ஊரே அங்கலாய்க்கும். இவர் மட்டும் மீசையைத் தடவிக்கொள்வார்.

ஊருக்கு மேற்கே, புல்கூட முளைக்காத கட்டாந்தரையில் பெரிய சோலார் பண்ணை வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது இனி ஜெனரேட்டரை யார் வாடகைக்குக் கேட்பார்கள் என்று இடி கணக்குப் போட்டார். அதை அப்படியே வெளியே சொல்ல முடியுமா? எதிர்ப்புக் குழு ஒன்றை ஆரம்பித்துத் தன்னையே தலைவராக்கிக்கொண்டார். உறுப்பினர்கள் இரண்டே பேர். ஒருவர் மனைவியின் தம்பி, மாமா பேச்சைத் தட்ட முடியாமல் வந்தவர். இன்னொருவர் டீக்காக வந்தவர்.

கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இடி எழுந்து, "வெயில எல்லாம் நீங்களே உறிஞ்சிட்டா எங்க பயிருக்கு என்ன மிஞ்சும்?" என்று முழங்கினார். சொல்லி வாய் மூடும் முன்பே அது எவ்வளவு பெரிய உளறல் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கைதட்டல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவருடைய மனைவியேதான்.

"அவரு கெடக்காரு. எங்க ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணி மோட்டாருக்கும் தனி லைன் குடுப்பீங்களா? வேலைக்கு எங்க ஊர் ஆளுங்களத்தான எடுப்பீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மச்சான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

பண்ணை வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நீலத் தகடுகள்; ராத்திரிக்கு வேண்டியதைச் சேர்த்துவைக்க வரிசையாகப் பேட்டரிகள். குழாயில் வேளை தவறாமல் தண்ணீர் வந்தது. பால் சொசைட்டியில் குளிரூட்டும் தொட்டி வைத்தார்கள். திரிந்த பாலைச் சாக்கடையில் கொட்டுவது நின்றது. மனைவிக்குப் பண்ணையில் வேலையும் கிடைத்தது. இடி மட்டும் வீட்டில் பிடிவாதமாக ஜெனரேட்டரை ஓட்டினார். "இதுதான் சுத்தமான கரண்ட்" என்று புகைக்கு நடுவே இருமிக்கொண்டே சொன்னார்.

ஒரு மதியம், ஓடுகிற எந்திரத்தின் பெல்ட்டைச் சரிசெய்யப் போய்க் கையைக் கொடுத்துவிட்டார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. மச்சான் பைக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பளிச்சென்ற விளக்கின் கீழ் நர்ஸ் தையல் போட்டாள்.

"முன்னாடின்னா உங்கள டவுனுக்குத்தான் அனுப்பியிருப்போம்ணே. பாதித் தையல்ல கரண்ட் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"எனக்குச் சொல்லியனுப்பினா ஜெனரேட்டரோட வந்திருப்பேனே!"

"இந்தக் கையோடயா?"

இடிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வலியில் கண்ணீரும் சேர்ந்தே வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சீராகச் சுழன்றது. 'யாரை ஒழிச்சுக்கட்டறேன்னு கிளம்பினேனோ, அவன் காத்துலதான் சொகமாப் படுத்திருக்கேன். நல்ல தலைவன்டா நீ' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கை ஆறியதும் பண்ணைக்கு வேலை கேட்டுப் போனார். இன்ஜினியர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட்டத்துல பேசினது நீங்கதானே?"

"ஆமாம்மா, அந்த மடையன் நான்தான்."

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தகடு கழுவுற குழுவுல ஆள் வேணும். தலைவியப் பாருங்க" என்றார்.

தலைவி, தொப்பியும் பூட்ஸுமாக, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். இடியைப் பார்த்தும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யாரு சிபாரிசு?"

"உன் தம்பி."

"அது இங்க செல்லாது. வீட்டுல 'உன்', இங்க மேடம். பூட்ஸ மாட்டிக்கிட்டு வாங்க."

மாட்டிக்கொண்டு வந்தார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் சீறிய வேகத்தில் கை திரும்பி, மேடம் தலையிலிருந்து கால்வரை நனைந்துபோனாள். சுற்றியிருந்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"நல்லாத்தான் கழுவுறீங்க. ஆனா தகடு அந்தப் பக்கம் இருக்கு."